பள்ளிகளை இணைக்க எது தோது: வீடியோ காலா, கற்றல் வட்டமா, தரவுத் திட்டமா?

வளரும் நாடுகளின் பள்ளிகளை இணையம் வழியாகச் சேர்த்துப் படிக்க வைப்பது என்றதும் பலருக்கும் மனதில் வருவது ஒரே காட்சிதான். சுவரில் பெரிய திரை, அதில் வேறொரு நாட்டுப் பிள்ளைகள், இரு பக்கமும் கையசைப்பு. நன்கொடை கேட்கும் பிரசுரங்களிலும் இந்தப் படம்தான் இருக்கும். ஆனால் சேர்ந்து படிக்க வேறு வழிகளும் உண்டு. அதிகம் படம் பிடிக்கப்படும் இந்த வழிதான் பெரும்பாலான பள்ளிகளுக்குக் குறைவாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி.

முதலில் நிலவரம். யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கைப்படி, உலகத் தொடக்கப் பள்ளிகளில் 40 சதவீதத்துக்குத்தான் இணைய இணைப்பு இருக்கிறது. நடுநிலையில் 50, மேல்நிலையில் 65. இது பணக்கார நாடுகளையும் சேர்த்த கணக்கு. அதோடு, ‘இணைப்பு உள்ள பள்ளி’ என்று கணக்கில் வருவது, தலைமையாசிரியர் அறையில் ஒற்றை மோடம் உள்ள பள்ளியாகவும் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

நேரலை வீடியோ

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, பத்தே நிமிடத்தில் கூச்சம் போய்விடுகிறது. ஸ்கைப் காலத்தில் ‘மிஸ்டரி ஸ்கைப்’ என்று ஒரு விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியிருந்தது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டு, எதிர் வகுப்பு எந்த நாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘நீங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கா?’ என்று ஒரு பிள்ளை கேட்க, இன்னொரு பிள்ளை வரைபடத்தில் பாதியை மறைக்கும். புவியியலுக்கு இதைவிட நல்ல பீரியட் கிடையாது.

சரி, செலவுக்கு வருவோம். பதிவேற்றத்துக்கு நொடிக்கு ஒரு மெகாபிட், பதிவிறக்கத்துக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்று சுமாரான தரத்தில் 45 நிமிடம் பேசினால் மொத்தம் 675 மெகாபைட் போகும். அதே வகுப்பில் 30 பேர் ஆளுக்கொரு பக்கம் எழுதி, சுருக்கிய 10 படங்களையும் சேர்த்து அனுப்பினால் 2 மெகாபைட் சொச்சம்தான். ஏறத்தாழ 300 மடங்கு வித்தியாசம். மொபைல் டேட்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவிறக்கம் ஓடும் வேகத்தில் பதிவேற்றம் ஓடாது. அதனால் வேகமான இணைப்புள்ள பள்ளியின் படம் மொபைல் டேட்டாவில் ஓடும் பள்ளியில் தெளிவாகத் தெரியும்; இந்தப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே உறைந்த படமாக நிற்பார்கள். பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்ற பிரிவு அப்போதே விழுந்துவிடுகிறது.

அப்புறம் கடிகாரம். லிமாவில் காலை 10 மணி என்றால் கம்பாலாவில் மாலை 6 மணி. டாக்காவுக்கும் பொகோட்டாவுக்கும் 11 மணி நேர இடைவெளி. இரண்டு பள்ளிகளும் ஒரே சமயத்தில் திறந்திருக்கவே வாய்ப்பில்லை. கம்பாலாவும் டாக்காவும் என்றால் 3 மணி நேரம்தான், சமாளித்துவிடலாம். அதாவது, யாரோடு பழகலாம் என்பதை இங்கே நேர மண்டலம்தான் முடிவு செய்கிறது.

வீடியோ சிறப்பாக ஓடிய இடமும் உண்டு. உருகுவே 2007இல் சைபல் திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் பள்ளிகளுக்கு இணைப்பும் கொடுத்தது. அந்த அடித்தளத்தின் மேல் 2012இல் தொலைவழி ஆங்கில வகுப்புகள் வந்தன. வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் வாரத்தில் ஒரு வகுப்பைத் திரைவழியே எடுப்பார். மற்ற வகுப்புகளை உள்ளூர் ஆசிரியர் நடத்துவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் பின்னால் ஒரு தேசிய அமைப்பும், முன்கூட்டியே போட்ட இணைப்பும், பழுது பார்க்க ஆட்களும் இருந்தார்கள். இதெல்லாம் இல்லாத பள்ளி அதைப் பார்த்து ஒரு திரையை மட்டும் வாங்குவதில் பயனில்லை. மேலும் அது கற்பித்தல். இரு வகுப்புகள் சேர்ந்து ஒன்றைச் செய்வதல்ல.

கற்றல் வட்டம்

1988இல், பனிப்போர் இன்னும் முடியாத நேரத்தில், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே இணைத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது ஐஎர்ன் வலையமைப்பு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அதில் நடக்கும் பலவற்றில் எனக்குப் பிடித்தது, மார்கரெட் ரீல் என்ற கல்வியாளர் உருவாக்கிய கற்றல் வட்டம்.

அமைப்பு எளிது. 6 முதல் 8 வகுப்புகள் ஒரு வட்டம். சில மாதங்கள் ஓடும். ஒவ்வொரு வகுப்பும் ஒரு தலைப்பைப் பொறுப்பேற்கும். மற்ற வகுப்புகள் அதற்கு எழுதி அனுப்பும். வந்ததையெல்லாம் தொகுத்து வெளியிடுவது பொறுப்பேற்ற வகுப்பின் வேலை. எல்லாம் எழுத்தில். இன்று கரண்ட் இல்லையென்றால் நாளை அனுப்பலாம்.

இது நடைமுறையில் எப்படிப் போகும் என்று பாருங்கள். ‘உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?’ என்று ஒரு வகுப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியிலிருந்து ‘குழாயில் வருகிறது’ என்று ஒற்றை வரி வரும். இன்னொன்றிலிருந்து யார் எடுத்து வருகிறார்கள், எத்தனை நடை, எந்த நேரத்தில் என்று இரண்டு பக்கம் வரும். தொகுக்க உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அங்கேதான் பிரச்சினை. ஒற்றை வரியை அப்படியே போட்டால் பக்கம் காலி. திரும்ப எழுதிக் கேட்க வேண்டும்: குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? இப்போது ஒற்றை வரி எழுதிய வகுப்பு தன் ஊர்த் தண்ணீரைப் பற்றி முதல்முறையாக விசாரிக்கப் போகும். கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்பது, வந்த பதிலில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது, பிறர் எழுத்தைச் சிதைக்காமல் சுருக்குவது: இந்த வேலையெல்லாம் பிள்ளைகள் கைக்குத் தானாக வந்து சேர்கிறது. நாற்பது நிமிட வீடியோவில் இதற்கு இடமில்லை.

இருவராக இல்லாமல் வட்டமாக இருப்பதிலும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. ஜோடியில் ஒரு ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் எல்லாம் முடிந்தது. எட்டுப் பள்ளிகளில் இரண்டு காணாமல் போனாலும் ஆறு மிஞ்சும்.

குறை இல்லாமலில்லை. நாட்காட்டி பெரிய இடைஞ்சல். செப்டம்பரில் தொடங்கி ஜனவரியில் முடியும் சுற்று, வடக்கத்திய நாடுகளின் பள்ளி ஆண்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், அங்கே அந்தச் சுற்றின் நடுவில் ஆண்டுத் தேர்வும் நீண்ட விடுமுறையும் வந்துவிடும். இன்னொன்று, எழுத்தை நம்பிய முறை என்பதால் எழுதத் திணறும் பிள்ளை பின்னுக்குப் போகும். ஒரு நிமிடக் குரல்பதிவையும் ஓவியத்தையும் ஏற்றுக்கொண்டால் இது பாதி தீரும்.

தரவுத் திட்டம்

1995 புவி நாளன்று அமெரிக்காவில் தொடங்கிய குளோப் திட்டம் இந்த வகையில் பெரியது; 120க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் வெப்பநிலை, மழையளவு, மேகம் போன்றவற்றை வகுத்த முறைப்படி அளந்து பொதுத் தளத்தில் ஏற்றுவார்கள். ஒரு நாளைக்குச் சில எண்கள்தான், எந்த மெதுவான இணைப்பும் தாங்கும். ஆனால் எண்ணைப் போட்டுவிட்டு வந்துவிட்டால், பள்ளி யாருக்கோ அளந்து கொடுக்கும் நிலையமாகிவிடும். எதிரே ஒரு வகுப்பு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதனால் பெரிய தளத்தைவிடச் சின்ன அளவிலான கூட்டுச் சோதனையைத்தான் நான் முன்னால் வைப்பேன். பண்டைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனஸ் நிழலை வைத்துப் பூமியை அளந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் அல்லது செப்டம்பரில் இரவும் பகலும் சமமாகும் நாளில், இரண்டு பள்ளிகள் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும்போது அளக்கின்றன. கடிகாரம் ஒத்துப்போகத் தேவையில்லை, அவரவர் ஊர் உச்சிப்பொழுது போதும். ஒரு பள்ளியில் 8.7 சென்டிமீட்டர் என்றால் கோணம் 5 டிகிரி. வடக்கே இருக்கும் மற்றதில் 26.8 என்றால் 15 டிகிரி. வித்தியாசம் 10 டிகிரி, அதாவது முழு வட்டத்தில் 36இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக 1,110 கிலோமீட்டர் என்றால், 36ஆல் பெருக்க 39,960 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. (ஒரு பள்ளி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தால் கோணங்களைக் கூட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளே தகராறு செய்து கண்டுபிடிக்கட்டும்.)

ஒரு பக்கம் குச்சி சாய்ந்து ஒரு டிகிரி பிசகினால் விடை 44,000க்கு ஓடும், அல்லது 36,000க்கு இறங்கும். ‘நீங்கள் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தீர்களா?’ என்று கேட்டு ஒரு கடிதம் போகும். அடுத்தவர் எண் இல்லாமல் தன் விடை வராது என்ற கட்டாயம் மற்ற இரண்டு வழிகளிலும் இந்த அளவுக்கு இல்லை. குறை என்னவென்றால், இது கணக்கு, அறிவியல் ஆசிரியரோடு நின்றுவிடும்.

போட்டியாளராக வரும் பெட்டி

பணம் ஒதுக்கும் கூட்டங்களில் நாலாவதாக ஒன்று வரும். கோலிப்ரி, கிவிக்ஸ் போன்ற மென்பொருள்களில் பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் ஒரு சின்னக் கணினியில் இறக்கி வைத்து, இணையமே இல்லாமல் வகுப்புக்குள் வைஃபையில் தருவது. மலிவு, நம்பகமானது. ஆனால் அது நூலகம்; மறுபக்கம் ஆள் இல்லை. பெட்டியா, வேறொரு பள்ளியோடு இணைப்பா என்று யாராவது கேட்டால், கேள்வியே தப்பு. வகுப்பில் எல்லோரும் படிக்கப் பெட்டி, எழுதியதை அனுப்ப ஒரு ஆசிரியரின் தொலைபேசி: இரண்டும் ஒன்றாக ஓடும்.

எதில் அனுப்புவது? பளபளப்பான தளங்களை நம்பிப் பிள்ளைகளின் வேலையை அங்கே மட்டும் வைக்காதீர்கள். வகுப்பறைகளில் கொண்டாடப்பட்ட ஃபிளிப் என்ற வீடியோப் பதிவுச் செயலி 2024இல் தனிச் செயலியாக இருப்பதை நிறுத்தியது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. மின்னஞ்சல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாட்ஸ்அப் ஆசிரியர்களுக்குள் பேச வசதி. ஆனால் 13 வயதுக்குக் கீழே சொந்தமாகக் கணக்குத் தொடங்க அனுமதியில்லை. பிள்ளைகளின் எண்களைக் குழுவில் போடுவது எந்த வயதிலும் கூடாது.

ஆசிரியருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதையும் ஒப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய இ-ட்வின்னிங் என்ற பள்ளி இணைப்புத் திட்டத்தில் நல்ல திட்டங்களுக்குத் தர முத்திரை தருகிறார்கள். அது ஒரு காகிதம்தான். ஆனாலும் மேலதிகாரியிடம் காட்ட ஒன்று இருக்கிறது. உலக வங்கி 1997இல் உகாண்டாவில் தொடங்கி வளர்த்த வேர்ல்டு லிங்க்ஸ் என்ற பள்ளி இணைப்புத் திட்டம், கணினியோடு ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தது. சிலபஸை முடிக்கவே நேரம் போதாத ஆசிரியரிடம் எந்த அங்கீகாரமும் பயிற்சியும் இல்லாமல் கூடுதல் வேலையைத் தலையில் கட்டினால், எந்த வழியும் இரண்டாம் பருவத்தைத் தாண்டாது.

கூட்டாளி யார் என்பது கடைசி. பணக்கார நாட்டுப் பள்ளியோடு சேர்ந்தால் வசதி வரும், பழைய கணினிகள்கூட வரும். ஆனால் மெல்ல மெல்ல ஒரு பக்கம் கொடுக்கும் பக்கமாகவும், மறுபக்கம் நன்றிக்கடிதம் எழுதும் பக்கமாகவும் மாறிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. ஒரே மாதிரி மின்வெட்டும் ஒரே மாதிரி நெரிசலான வகுப்பும் உள்ள இரு நாட்டுப் பள்ளிகளுக்குள் அந்தப் பேச்சு எழாது. பதில் தாமதமானால் ஏன் என்று விளக்கவும் வேண்டியதில்லை. எட்டுப் பள்ளி வட்டத்தில் பணக்கார நாட்டுப் பள்ளி ஒன்றிரண்டு இருக்கட்டும். சுற்றின் தேதிகளைக் குறிக்கும் வேலையை மட்டும் மற்ற ஆறு பேரிடம் விட்டுவிடுங்கள்; செப்டம்பர்–ஜனவரி தொல்லை அப்போதே தீர்ந்துவிடும். வீடியோ அழைப்பை முதல் வாரத்தில் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், சிக்னல் இருந்தால்.