மழைக்காலத்துல விறகு லோடு எடுக்கறவங்க உஷார்: மேல சவுக்கு, அடியில ஈரக்கட்டை

சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யறவங்க, பிரியாணிக் கடை வெச்சிருக்கறவங்க, வீட்டு விசேஷத்துக்கு வாசல்ல கல் அடுப்பு போடறவங்க எல்லாருக்காகவும்தான் இதை எழுதறேன். மழை ஆரம்பிச்சதும் விறகுல நடக்கற ஏமாத்து வேலை கொஞ்சநஞ்சமில்ல. இந்த முறை அது எங்க தலையில விழுந்துச்சு.

அயனாவரத்துல ஒரு காதுகுத்து விசேஷம், ரெண்டு டேக்சா மட்டன் பிரியாணி. வழக்கமா வாங்கற விறகுத் தொட்டியில சரக்கு இல்லன்னுட்டாங்க. வடசென்னையிலயே வேற ஒரு தொட்டிக்காரருக்கு போன் போட்டோம். "எல்லாம் காஞ்ச சவுக்குக்கா. தம்முக்கு சீமைக்கருவேலமும் கலந்து தர்றேன், கங்கு நல்லா நிக்கும்"னார். அடுத்தடுத்த ஆர்டருக்கும் சேர்த்து அரை டன் சொன்னோம். கிலோ 10 ரூபாய்னு 5,000 ரூபாயை முன்னாடியே வாங்கிட்டார். விடியறதுக்குள்ள குட்டி யானையில கொண்டுவந்து இறக்கி, தார்ப்பாயும் போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க. மேல் வரிசை முழுக்க நேரான, நல்ல சவுக்கு. அதுக்கு அடியிலதான் விஷயமே.

மாஸ்டர் அடியிலிருந்து எடுத்துச் சொருகின கட்டை எரியவே இல்ல. உஸ்ஸுனு சத்தம், வெட்டின முனையில வெள்ளையா நுரை பொங்கி வழியுது. உலை கொதி வரவே நேரம் எடுத்துச்சு. புகையில மாஸ்டருக்குக் கண்ணைத் திறக்க முடியல. தம் போடற நேரத்துல மூடி மேல அள்ளிப் போட கங்கே இல்ல, பொலபொலன்னு சாம்பல்தான். பக்கத்துத் தெருவுல இஸ்திரி வண்டி வெச்சிருக்கற அண்ணன் கரி குடுத்து உதவலைன்னா மேல் அரிசி வேகாம நட்டாவே நின்னிருக்கும். அப்படியும் பந்தி தாமதமாத்தான் போட்டோம். அந்த வீட்டுப் பெரியவங்க முகத்தை என்னால பாக்க முடியல.

தொட்டிக்காரர் சொன்ன பதிலைக் கேளுங்க. "மழையில காஞ்ச விறகு எங்கக்கா கிடைக்கும்? சவுக்கு பச்சையாவே எரியுமே."

சவுக்கு பச்சையில எரியறது உண்மைதான். ஆனா எரியறது வேற, வேகவைக்கறது வேற. அப்பவே வெட்டின மரத்துல எடையில பாதி வரைக்கும் தண்ணி இருக்கும். அந்தத் தண்ணி ஆவியாகிப் போனாத்தான் மரம் சூடு குடுக்கும். ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க மட்டும் 600 கிலோகலோரி கிட்ட செலவாகுது. நல்லா காஞ்ச விறகு கிலோவுக்கு சுமாரா 3,500 கிலோகலோரி தரும்னா, பாதி ஈரம் இருக்கற கட்டையில 2,000 தேறினாலே பெருசு. அரை டன்னுல பாதி தண்ணின்னா, நாம குடுத்த 5,000-ல 2,500 ரூபாய் தண்ணிக்குக் குடுத்த காசு.

"கருவேலம்"னு வந்தது இன்னும் மோசம். பொளந்து பாத்தா உள்ள கருஞ்சாக்லேட் நிறம், ஓரத்துல வெளிர் மஞ்சள். பாக்கறதுக்கு கருவேலம் மாதிரியே இருக்கும். அது தூங்குமூஞ்சி மரம், நம்ம சாலையோரத்துல குடை மாதிரி விரிஞ்சு நிக்குமே அதே மரம். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப ஆயிரக்கணக்கான மரம் சாஞ்சுதே, அந்த மாதிரி சாயற மரமெல்லாம் எங்கயாவது போய்த்தானே ஆகணும். அதை விறகா விக்கறது தப்பே இல்ல. அதோட பேரைச் சொல்லி, அதுக்கான விலைக்கு விக்கணும், அவ்வளவுதான். நல்லா காஞ்சா எந்த மரமும் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும். வித்தியாசம் கெட்டித்தன்மையில இருக்கு. சவுக்கும், கருவேலமும், புளியும் கெட்டி. மெதுவா எரியும், தணல் நிக்கும். முருங்கை, இலவம் மாதிரி லேசான மரமெல்லாம் குபுக்குன்னு எரிஞ்சு சாம்பலாயிடும். தூங்குமூஞ்சி நடுத்தரம். வெந்நீர் போட, டீ வெக்க தாராளமா ஆகும், தம்முக்கு ஆகாது. சவுக்கு அந்தக் காலத்துலயே சென்னையோட எரிபொருள். 19-ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ் ரயில் இன்ஜினுக்காகவே சவுக்குத் தோப்பு போட்டாங்க.

லோடுல கைவிட்டுப் பாருங்க. கருவேலம் கோணல்மாணலா, அளவுக்கு மீறின கனமா இருக்கும். காஞ்ச கட்டைன்னா வெட்டுமுகத்துல நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோட பேந்து வரும். ரெண்டு கட்டையை எடுத்துத் தட்டினா கணீர்னு கேக்கணும். தொப்புன்னு கேட்டா ஈரம்.

காசு போனதைக்கூட விட்டுடலாம். இதை எழுத உக்காந்ததுக்கு வேற காரணம் இருக்கு. குவியலோட அடியில பெட்டிப் பலகைத் துண்டுங்க கிடந்துச்சு, கப்பல்ல சரக்கு அனுப்ப அடிப்பாங்களே அந்தப் பலகை. ஒண்ணுல கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை, பக்கத்துல இங்கிலீஷ்ல MB-ன்னு ரெண்டு எழுத்து. மெத்தில் புரோமைடுங்கற விஷவாயுவை அடிச்சு பூச்சியைக் கொன்ன பலகைன்னு அர்த்தம். HT-ன்னு இருந்தா சூடுபடுத்தி மட்டும் பூச்சி கொன்னது. கூடவே பிளைவுட் துண்டும், பச்சை பெயின்ட் அடிச்ச கதவுச் சட்டமும். பிளைவுட்டை ஒட்டற பசையில ஃபார்மால்டிஹைடு இருக்கும், பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். ரெண்டையும் சோறு ஆக்கற அடுப்புல எரிக்கவே கூடாது. காதுகுத்துக்கு வந்த குழந்தைங்க அந்த அடுப்பைச் சுத்தித்தான் ஓடிட்டிருந்தாங்க. நல்லவேளை, மாஸ்டர் பாத்து ஒதுக்கிட்டார். அதைக் காட்டிக் கேட்டப்ப, "லோடு ஏத்தற பசங்க தெரியாம போட்டுட்டாங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டார். பணமும் வரல, கட்டையைத் திருப்பி எடுக்க வண்டியும் வரல.

இப்ப நாங்க முழுப் பணத்தை முன்னாடி தர்றதில்ல. பகல் வெளிச்சத்துல மட்டும்தான் லோடு இறக்கறோம், அடி வரிசையைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் காசு. ஏற்கனவே லோடு எடுத்து வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு குவியலைப் புரட்டிப் பாருங்க. முத்திரையோ பெயின்ட்டோ தெரிஞ்சா வெந்நீர் அடுப்புக்குக்கூட வெக்காதீங்க, தனியா எடுத்துப் போட்டுடுங்க.