மாநகராட்சி மருத்துவமனையின் பெண்கள் ஆலோசனை மையம்: தாராவியிலிருந்து ஒரு மதிப்புரை

தாராவியில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஒரு பெண்ணுக்குத் துணையாக, மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் இயங்கும் பெண்கள் ஆலோசனை மையத்துக்குக் கடந்த நான்கு மாதங்களில் ஆறு முறை சென்றுவந்தேன். அவர் சம்மதித்த செய்திகளை மட்டும், அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லாததும் அவருடைய பாதுகாப்பைக் கருதியே.

எங்கள் பகுதியின் பத்தடிக்குப் பத்தடி கோலிகளில் (ஓரறை வீடுகளில்) மேல்தட்டுக்கு ஏறும் இரும்பு ஏணி செங்குத்தாக நிற்கும். அதிலிருந்து ஆட்கள் தவறி விழுவது உண்மையிலேயே நடக்கிறது என்பதால், அடிபட்டு வரும் பெண்கள் பலர் அதையே காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். இவரும் முதல் நாள் அப்படித்தான் சொன்னார்; பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். காயத்தைப் பார்த்த செவிலியர் மறுத்து ஒன்றும் பேசாமல், எக்ஸ்ரேவுக்கான கேஸ் பேப்பரில் (மருத்துவமனைப் பதிவுச் சீட்டில்) முத்திரை வாங்கிவரும்படி மாமியாரை அனுப்பிவிட்டு, திரையை இழுத்து மூடி, வீட்டில் யாராவது அடித்தார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். ஒன்பது ஆண்டு மணவாழ்க்கையில் அந்தக் கேள்வியைத் தம்மிடம் கேட்ட முதல் ஆள் அந்தச் செவிலியர்தான் என்று அவர் என்னிடம் சொன்னார். இந்த மையத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பும் நல்லவற்றில் பாதி அந்தத் திரைக்குள் நடந்த இரண்டு நிமிடங்களிலேயே இருக்கிறது.

மையம் மருத்துவமனைக்குள் இருப்பதே அதன் பெரிய பலம். காவல் நிலையத்துக்கு ஒரு பெண் போனால் தெருவே காரணம் கேட்கும். மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லி மருத்துவமனைக்குப் போனால் யாரும் கேட்பதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காடுதான். 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. வாய் திறக்காதவர்களும் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள எங்காவது வந்துதான் ஆக வேண்டும். இந்த எண்ணத்தில்தான் மாநகராட்சியும், சுகாதார ஆய்வு செய்யும் செஹத் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து, பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கின. பிறகு மாநகரின் வேறு மருத்துவமனைகளிலும் அந்த முறை பரவியது.

அறை சிறியது. கதவில் 'வன்முறை' என்ற சொல்லே கிடையாது என்பதைக் கவனித்தேன். ஆலோசகரைச் சிலர் மராத்தியில் தாயி என்றும் சிலர் இந்தியில் தீதி என்றும் அழைக்கிறார்கள். இவர் அக்கா என்றே அழைத்தார். அந்த ஆலோசகர் கணவனை விட்டு வந்துவிடு என்று சொல்லவில்லை, பொறுத்துக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை. இன்று இரவு வீட்டுக்குத் திரும்புவது பத்திரமா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதுண்டா, கழுத்தைப் பிடித்ததுண்டா, ஓட வேண்டி வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்கச் சொன்னார். அந்தப் பை இன்றும் என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் ஊர்ச்சங்கத்துப் பெரியவர்கள் இதற்கு முன் இருமுறை சமாதானம் பேசி, இனி அடிக்க மாட்டேன் என்று கணவனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்; ஒருமுறை காவல் நிலையத்தில் என்.சி. (வழக்காகப் பதியாத வெறும் புகார்க் குறிப்பு) எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இன்று இரவு எங்கே படுப்பாய் என்று அந்த இரண்டு இடங்களிலும் ஒருவரும் கேட்கவில்லை.

இனி, இந்தச் சேவையில் என்னை மிகவும் வருத்திய குறைக்கு வருகிறேன். மையத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. இவருக்கு இந்தி தெரியும். ஆனால் அது காய்கறிக்காரரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசுவதற்கான இந்தி. முதல் நாள் கணவன் கழுத்தைப் பிடித்தான் என்று மட்டும் இந்தியில் சொல்லியிருக்கிறார். படிவத்திலும் அப்படியே பதிவாகியிருந்தது. இரண்டு நாள் கழித்து நான் உடன் சென்றபோது, அதே கேள்விக்கு என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னார்: "அக்கா, மூச்சு நின்னு கண்ணு இருட்டிருச்சு. முழிச்சுப் பார்த்தா சேலை நனைஞ்சிருந்தது." நான் அதை இந்தியில் சொல்லி முடித்ததும் ஆலோசகர் எழுந்துவிட்டார். கழுத்து நெரிபட்டு நினைவு தப்புவதும் சிறுநீர் பிரிவதும் மூளைக்குப் பிராணவாயு போகவில்லை என்பதன் அடையாளங்கள். வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் உள்ளே வீக்கம் இருக்கலாம், அது தாமதமாகவும் வெளிப்படலாம். கழுத்தை ஒருமுறை நெரித்தவன் பின்னர் கொலை வரை போகும் அபாயமும் பல மடங்கு அதிகம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்று மறுபடியும் பரிசோதித்தார்கள், எம்.எல்.சி. பதிவிலும் (காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் பயன்படும் மருத்துவப் பதிவு) புதிய விவரம் சேர்ந்தது. தாய்மொழியில் கேட்க ஆளில்லாததால், உயிர் போகும் நிலையில் இருந்த ஒரு பெண் இரண்டு நாள் சாதாரணக் காயக்காரியாக வீட்டில் படுத்திருந்தார். இதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் மாமியாரையே மொழிபெயர்க்க வைத்தார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

காத்திருக்கும் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு வேறொன்றும் புரியும். குர்லாவிலிருந்து புர்கா அணிந்து வந்தவர், மராத்திப் பெண், உத்தரப் பிரதேசத்துப் பெண், எங்களைப் போன்ற திருநெல்வேலிக்காரர்கள் என எல்லாரும் அங்கே அருகருகே அமர்ந்திருக்கிறோம். அவரவர் பகுதியில் 'நம் ஆட்களிடம் இதெல்லாம் கிடையாது, அது அந்தத் தெருவில்தான்' என்றுதான் பேச்சு. நாங்களும் அப்படிப் பேசி வளர்ந்தவர்களே. மேலே குறிப்பிட்ட அதே ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் விழுக்காடு அதைவிடக் குறைவு. ஊர் மானம் போய்விடும் என்று நாம் மூடிவைத்தது எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்தபோது தோன்றியது.

சட்ட உதவியில் மையம் தெளிவாக வழிகாட்டியது. கோலி மாமனார் பெயரில் இருக்கிறது, ஆகவே வெளியே போ என்றால் போகத்தான் வேண்டும் என்று இவர் நம்பியிருந்தார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, வாழ்ந்துவரும் வீட்டில் தனக்கு உரிமைப் பத்திரம் இல்லாவிட்டாலும் பெண்ணுக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டம் நடக்கும் இந்தக் காலத்தில், இங்குள்ள பெண்களுக்கு இதைவிட அவசரமான செய்தி வேறில்லை. வழக்கறிஞருக்குச் செலவில்லை, பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அதிகாரியின் அறிக்கையும் எம்.எல்.சி. நகலும் இப்போது நீதிமன்றத்தில் இருக்கின்றன.

வேறு குறைகளும் உண்டு. மையம் மாலை நான்கு மணிக்கு மூடப்படுகிறது, அடி விழுவதோ பெரும்பாலும் இரவில். இரவில் 181 (பெண்கள் உதவி எண்) அல்லது 112 (அவசர உதவி எண்) எண்ணைத்தான் அழைக்க வேண்டும். படிவத்தின் முதல் வரியிலேயே கணவர் பெயர் கேட்கப்படுகிறது. அண்ணனிடம் அடிவாங்கிய பெண்ணும், கூடவே வாழும் துணையிடம் அடிவாங்கிய திருநங்கையும் அங்கே என்ன எழுதுவார்கள்?

மொழிக் குறையை நாங்கள் எழுத்துமூலம் தெரிவித்தோம். ஆலோசகர் மறுக்கவில்லை, மொழிபெயர்ப்பாளருக்கு ஒதுக்கீடு இல்லை என்றார். ஆகவே தமிழ்ப் பெண்கள் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். அதே தெருக்காரர் மொழிபெயர்த்தால் செய்தி தெருவுக்கு வந்துவிடும் என்பதால், தாராவிப் பெண்ணுக்கு மும்பையின் வேறொரு பகுதியான ஆன்டாப் ஹில்லிலிருந்தும், ஆன்டாப் ஹில் பெண்ணுக்குத் தாராவியிலிருந்தும் ஆள் போவது என்று முடிவு செய்தோம். செவ்வாய், வெள்ளி காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை எங்களில் ஒருவர் அங்கே இருப்போம். கேஸ் பேப்பர் எடுத்தபின், தமிழில் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னால் போதும்.