போட்ரும் படகு வாடகை: எங்களுக்கு விற்றது ஒன்று, படகுக்காரரிடம் எடுத்தது வேறொன்று

துருக்கியின் கடற்கரை ஊர்களான போட்ரும், மர்மாரிஸ், கோஜெக் பக்கம் கேப்டன், சமையல்காரர், ஊழியர்களோடு தனிப் படகு எடுத்துக் குடும்பமாக ஒரு வாரம் கழிக்க நினைப்பவர்கள் இதைப் படித்த பிறகே தரகருக்குப் பணம் அனுப்புங்கள். கடந்த ஆகஸ்டில் ஒரு தரகர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றினார். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் ஓடிவிடவில்லை. படகு வந்தது, கேப்டன் வந்தார், வாரமும் கழிந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான் வரவில்லை. ஓடிப்போனவன் மேல் புகார் கொடுப்பது எளிது. இப்படி அரைகுறையாகக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்பவனைப் பிடிப்பது மிகவும் கடினம். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் லண்டனில் இருக்கிறேன். அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்ததை ஒட்டி மதுரையிலிருந்து அப்பா, அம்மா, சிங்கப்பூரிலிருந்து அக்கா குடும்பம், இங்கிருந்து நாங்கள் என்று குழந்தைகளோடு ஒன்பது பேர் ஒன்றுகூடத் திட்டமிட்டோம். ஹோட்டலில் ஆளுக்கொரு மாடியில் கிடப்பதைவிடப் படகு மேல் என்று பட்டது. அந்தக் கடற்கரைக்கே உரிய படகு குலெட். இரண்டு பாய்மரம், அகலமான பின்தளம், மர உடல். போட்ருமிலும் பொஸ்புருனிலும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள். பாய் இருந்தாலும் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும். ஆளில்லாத குடாக்களில் நங்கூரமிட்டு, நீந்தி, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் அடுத்த குடா. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைவிட நல்ல விடுமுறை கிடையாது என்று இப்போதும் நம்புகிறேன். தவறு படகில் இல்லை, இடையில் நின்ற ஆளிடம் இருந்தது.

அந்த ஆளிடம் லண்டன் தொலைபேசி எண் இருந்தது, அழகான இணையப் பக்கம் இருந்தது, பேச்சில் தேன் இருந்தது. ஐந்து கேபின் குலெட் ஒன்றின் படங்களை அனுப்பினார். பெயர், நீளம், கட்டிய ஆண்டு, எந்தெந்த ஆண்டில் புதுப்பித்தார்கள் என்பது வரை சொன்னார். இரவு முழுவதும் ஏசி, மூன்று வேளை உணவு, அம்மாவுக்குத் தனியாகச் சைவம், ஒரு நாள் எதிர்க்கரையில் உள்ள கிரேக்கத் தீவான கோஸுக்குப் பயணம், எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 13,500 யூரோ. பாதி முன்பணம், மீதி பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு. இந்தத் தொழிலில் இப்படித்தான் வாங்குவார்கள், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கி மூலம் அனுப்பினால் தள்ளுபடி என்றார். கணக்கு எண் வந்தபோது அது வேறொரு நாட்டில், வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "அது எங்கள் துணை நிறுவனம், எல்லா வாடிக்கையாளர்களும் அங்கேதான் கட்டுகிறார்கள்" என்று முத்திரை போட்ட கடிதம் ஒன்றையும் அனுப்பிவைத்தார்.

அவர் கொடுத்த ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி: "குறிப்பிட்ட படகு அல்லது அதற்கு இணையான படகு". இணையானது என்றால் என்ன, அதைத் தீர்மானிப்பது யார் என்று எங்கும் இல்லை. படகு உரிமையாளரின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

போட்ரும் துறைமுகத்தில் எங்களுக்காகக் காத்திருந்தது வேறு படகு. படத்தில் இருந்த படகுக்கு எஞ்சின் கோளாறு, இதுவும் அதே தரம்தான் என்று தரகர் போனில் சொன்னார். பெட்டிகளோடும் குழந்தைகளோடும் மதிய வெயிலில் படகுத்துறையில் நிற்பவர்கள் வேறென்ன செய்ய முடியும்? ஏறினோம். கேப்டன் தேநீர் கொடுத்தார், ஊழியர்களை அறிமுகப்படுத்தினார், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாப்பாட்டுக்கான பணத்தை இப்போது கொடுக்கிறீர்களா? கடை மூடுவதற்குள் வாங்கிவர வேண்டும்."

நாங்கள் அதிர்ந்து போனோம். சாப்பாடு எங்கள் கட்டணத்திலேயே சேர்ந்தது என்று சொல்லி ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவர் அதை நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டுத் தன் போனை எடுத்து, தரகரிடமிருந்து படகு உரிமையாளருக்கு வந்த முன்பதிவுச் செய்தியைத் திறந்து என் கையில் கொடுத்தார். துருக்கி மொழியில் இருந்தது. போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஒன்பது பேர். உணவு இல்லை. ஏசி நாளுக்கு நான்கு மணி நேரம். போட்ரும் புறப்பாடு, போட்ரும் திரும்புதல், கோகோவா வளைகுடா. கோஸ் என்ற பெயரே இல்லை. வாடகை 7,800 யூரோ. கீழே, அந்த முன்பதிவு செய்யப்பட்ட தேதி. அது நாங்கள் முன்பணம் கட்டிய நாளுக்கு வெகு நாட்கள் கழித்து, மீதிப் பணமும் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஒரு தேதி.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. படத்தில் இருந்த படகு எங்களுக்காக ஒருநாளும் முன்பதிவு செய்யப்படவே இல்லை. எஞ்சின் கோளாறு என்பது கதை. எங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பயணத்துக்கு முந்தைய கடைசி நேரத்தில் எந்தப் படகு மலிவாக நிற்கிறது என்று பார்த்து, அதை மிகக் குறைந்த நிபந்தனைகளில் பிடித்துப் போட்டிருக்கிறார். தரகு வாங்குவதில் குற்றமில்லை, உழைக்கிறவர் வாங்கட்டும். எங்களுக்கு ஒரு பொருளை விற்று, எங்கள் பெயரில் வேறொன்றை வாங்கியிருக்கிறாரே, அதற்குப் பெயர் தரகு அல்ல.

கேப்டனுக்கு 2,700 யூரோ சாப்பாட்டுக்காகக் கொடுத்தோம். அவர் எங்களை ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஒவ்வொரு கடை ரசீதையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்து, கடைசி நாள் கணக்குப் பார்த்து, மிஞ்சியதை எண்ணிக் கொடுத்தார். சமையல்காரர் அம்மாவுக்காக ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், பீன்ஸ், தயிர், பருப்பு சூப் என்று வேளைக்கு வேளை மாற்றிச் செய்தார்; சூப்பில் இறைச்சிச் சாறு சேராதபடி தனிப் பாத்திரம் வைத்தார். அம்மா அவருக்குப் புளி இல்லாமலே ஒரு ரசம் வைத்துக் காட்டினார். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

ஆனால் படகு பழையது. ஆகஸ்டு மாத இரவில், ஜெனரேட்டரை நிறுத்தியதும் கீழ்த்தளக் கேபின்கள் வேகத் தொடங்கிவிடும். நாங்கள் மேல்தளத்தில் மெத்தை விரித்துப் படுத்தோம், குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவில் செங்குத்தான ஏணிப்படியில் ஏறி இறங்க முடியாது. கழிவறை கீழேதான். ஆகவே அவர் அந்தப் புழுக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். இரவு முழுவதும் ஏசி வேண்டும் என்று நான் தரகரிடம் வற்புறுத்தியதே அம்மாவுக்காகத்தான், அது அந்தத் தரகருக்கு நன்றாகத் தெரியும். பணத்தைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் நாளே கழிவறைகளில் தண்ணீர் இறங்கவில்லை. கழிவுத் தொட்டி நிறைந்திருந்தது. அந்தக் கடற்பகுதியில் கழிவைக் கடலில் விட முடியாது. நீல அட்டை என்ற முறை உண்டு. படகுகள் குறிப்பிட்ட நிலையங்களில் தொட்டியைக் காலிசெய்து, அதை அட்டையில் பதிய வேண்டும். கடலுக்கு நல்ல சட்டம்தான். முந்தைய குழு இறங்கியதற்கும் நாங்கள் ஏறியதற்கும் இடையில் அதற்கு நேரம் கொடுக்காமல் முன்பதிவைத் திணித்திருந்தார்கள். அரை நாள் வரிசையில் நின்று காலிசெய்தோம். குழந்தைகள் அளவு உயிர்காப்பு உடுப்பும் அன்றைக்குத்தான் கரையிலிருந்து வாங்கி வரப்பட்டது. அது இல்லாமல் படகை எடுக்க வேண்டாம் என்று அக்கா உறுதியாக நின்றுவிட்டாள்.

கோஸ் விஷயம் இன்னும் மோசம். அப்பாவும் அம்மாவும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள். பிரிட்டன் விசா இருந்ததால் துருக்கிக்கு மின்விசா எளிதாகக் கிடைத்தது. கோஸ் கிரேக்கத் தீவு. அங்கே கால் வைக்க, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அவர்களுக்கு வேண்டும். படகும் துருக்கியை விட்டு வெளியேறும் பதிவு, கிரேக்கத்தில் நுழையும் பதிவு என்று தனியாக நடைமுறைகளை முடிக்க வேண்டும், அதற்குச் செலவும் உண்டு. இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது தெரியும். எங்கள் பாஸ்போர்ட் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டே தரகர் கோஸை விற்றார். யாரேனும் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்காமலேயே இரு நாட்டுப் பயணம் என்று அடுக்கினால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நியாயமாகப் பேச வேண்டும். தாட்சா முனையில் உள்ள பழைய கிரேக்க நகரான நிடோஸுக்குப் போக விரும்பினோம், கேப்டன் மறுத்துவிட்டார். கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் மெல்டெமி என்ற பலத்த காற்று வீசும். அது எழுந்த நாளில் அந்த முனையைச் சுற்றுவது விளையாட்டல்ல. வழியை மாற்றும் அதிகாரம் எப்போதும் கேப்டனுடையது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஓராக் தீவு, செதிர் தீவு, ஏழு தீவுகள் என்று வளைகுடாவுக்குள்ளேயே சுற்றினோம். செதிர் தீவின் உருண்டை உருண்டையான வெண்மணலை எகிப்திலிருந்து கிளியோபாட்ராவுக்காகக் கொண்டுவந்ததாக ஒரு கதை சொல்வார்கள். இன்று அதைக் கயிறு கட்டிக் காக்கிறார்கள், ஒரு துகளைக்கூட எடுத்துப்போக விடமாட்டார்கள். அப்பா அங்கே வெகு நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி, இந்த வாடகை எப்படி நடக்க வேண்டும் என்பதை இத்தனைக்கும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டபடி சொல்கிறேன். யாட் எனப்படும் பெரிய சொகுசுப் படகுகளுக்கு மைபா என்ற தரகர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. அதில் உரிமையாளர், வாடகைக்கு எடுப்பவர், தரகர் மூவரும் பெயரோடு இருப்பார்கள். படகு வாடகை தனி. எரிபொருள், உணவு, துறைமுகக் கட்டணத்துக்கென்று வாடகையில் ஏறத்தாழ 25 முதல் 35 சதவீதம் முன்கூட்டியே வாங்கி, கேப்டன் அதிலிருந்து செலவுசெய்து, ரசீதோடு கணக்குக் காட்டி, மீதியைத் திருப்புவார். குலெட்களில் வழக்கம் கொஞ்சம் வேறு: நாளுக்குச் சுமார் நான்கு மணி நேர ஓட்டத்துக்கான எரிபொருள் வாடகையிலேயே சேர்ந்திருக்கும், உணவு தலைக்கு இவ்வளவு என்று தனியாக இருக்கும், பானங்கள் அதற்கும் தனி. ஏசி எத்தனை மணி நேரம் என்பது படகுக்குப் படகு மாறும். எழுத்தில் வராவிட்டால் அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகை சொன்னால், எவையெல்லாம் என்று வரிவரியாகக் கேளுங்கள்.

துருக்கியில் பயணம் விற்கும் நிறுவனங்களுக்கு 1972ஆம் ஆண்டின் 1618ஆம் எண் சட்டப்படி உரிமம் வேண்டும். துர்சாப் என்ற சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். உரிம எண்ணை வாங்கி, அவர்கள் காட்டும் இணைப்பில் பார்க்காமல், துர்சாப் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். எங்கள் தரகர் துர்சாப் சின்னத்தைத் தன் பக்கத்தின் அடியில் போட்டிருந்தார். எண் மட்டும் எங்கும் இல்லை.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். இடையில் ஒரு தரகர் நுழைந்துவிட்டால் அந்தப் பொறுப்பு தளர்ந்துபோகவும் கூடும் என்பதால், பணம் யார் பெயருக்குப் போகிறது என்பது முக்கியம். வங்கி மூலம் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் தரகர் ஏன் தள்ளுபடி கொடுத்தார் என்பது இப்போது விளங்குகிறது.

திரும்பி வந்ததும் இரண்டு ஆவணங்களையும், அதாவது எங்கள் ஒப்பந்தத்தையும் கேப்டன் காட்டிய முன்பதிவுச் செய்தியின் படத்தையும், பக்கம் பக்கமாக வைத்துத் தரகருக்கு அனுப்பினோம். அடுத்த ஆண்டுப் பயணத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. மறுத்தோம். அதன்பின் பதில் இல்லை. லண்டனிலும் துருக்கியிலும் புகார் கொடுத்திருக்கிறோம், வங்கியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சாட்சி சொல்லக் கேப்டன் சம்மதித்திருக்கிறார். உரிமையாளருக்குச் சேர வேண்டிய கடைசித் தவணையும் இன்னும் வரவில்லையாம்.

வரும் கோடைக்கு யாராவது முன்பணம் கட்டியிருந்தால், மீதியைக் கட்டுவதற்குள் படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் படகின் கேப்டனோடு வீடியோ அழைப்பில் பேசி, உங்கள் தேதி அவர் நாட்காட்டியில் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் ஏசி, உணவுக்குப் பணம் வந்துவிட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள். தரகர் பேசவிட மறுத்தால் மீதியைக் கட்டாதீர்கள். துருக்கி மொழியில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்; வேண்டுபவர்கள் கேளுங்கள், அன்றைக்கே அனுப்புகிறேன்.