தோட்டா ரீலோடிங் கற்றுத் தருகிறோம் என்று வந்தால் உஷார்! 46,000 ரூபாய் போச்சு

தோட்டா ரீலோடிங் கற்றுத் தருகிறேன் என்று பணம் வாங்கிய ஆள் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். இனி பொறுத்துப் பிரயோஜனம் இல்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன். போனது 46,000 ரூபாய், மஞ்சள் போட்டு வந்த காசு.

ஈரோடு, கோபி, அந்தியூர் பக்கம் லைசென்ஸ் ரைபிள் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கும் ஒரு பயிற்சி மையம் அது. மாடியில் ஒற்றை அறை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமரும் (அடியில் அடிபட்டதும் தீப்பொறி கொடுக்கும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே திரும்ப நிரப்பலாம், பயிற்சியும் மிஷினும் சேர்த்து 46,000 என்றார்கள். என்னிடம் இருப்பது .315 அளவு ரைபிள், பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய லைசென்ஸ். கடையில் தோட்டா விற்கிற விலைக்கு யாருக்குத்தான் ஆசை வராது?

நான் நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். அந்த ஆள் ஒரு சுட்ட கூட்டை எடுத்தான். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னான். அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே கம்பி ஒரு பள்ளத்தில் இடறியது. அதே இடத்தில் வெளியே பளபளவென்று ஒரு வளையம். "இதைத் திரும்ப நிரப்புனா ரைபிளுக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சுருமுங்ணா, தூக்கிப் போட்டரோணும்" என்றான். சொன்னது அத்தனையும் சரி. தொழில் தெரிந்தவன், அதைத் தூண்டிலாக வைத்திருக்கிறான். இப்படி நிரப்ப லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நம்ம ஆபீஸ்லயே பாத்துக்குவோமுங்ணா, உங்க ரைபிள் லைசென்ஸ் காப்பி மட்டும் குடுங்க" என்றான். அங்கேயே ஜிபேயில் 46,000 அனுப்பினேன்.

பயிற்சி நடக்கவே இல்லை. பார்சல் என்று வந்தது ஒரு பாக்கெட் தராசு, ஒரு பிளாஸ்டிக் தட்டு, பின் அடித்த ஜெராக்ஸ் கட்டு. அமெரிக்கப் புத்தகத்தின் நகல். .308, .30-06 என்று வேறு அளவுத் தோட்டாக்கள் இருக்கின்றன, என் .315 பற்றி ஒரு வரி இல்லை. தராசைப் பார்த்ததும்தான் வயிறு எரிந்தது. ரைபிள் மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்க வேண்டும். ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்தான், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை தராசு காட்ட வேண்டும். இவன் அனுப்பியது 0.1 கிராம் தராசு, ஒன்றரை கிரெய்னுக்குக் கீழே அதற்குக் கண்ணே தெரியாது. மருந்து கூடினால் அழுத்தம் எகிறி, வெடிப்பது நம் முகத்துக்குப் பக்கத்தில். இதை நம்பி ஒருத்தன் நிரப்பியிருந்தால்?

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "மிஷின் கஸ்டம்ஸ்ல நிக்குதுங்ணா." "அண்ணா டென்ஷன் ஆகாதீங்க, திங்கக்கிழமை வந்துரும்." பிறகு ஒரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது: "இதுல நீங்களும் மாட்டுவீங்க, பாத்துக்கங்க."

கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் நேராகப் போய்க் கேட்டேன். நம்மிடம் இருப்பது ரைபிள் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் உள்ள லைசென்ஸ், தோட்டா செய்வதற்கு இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். தோட்டா செய்யும் கருவியையே தோட்டாவின் கணக்கில்தான் அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 வருடம் ஜெயில். அமெரிக்காவில் வீட்டுக் கேரேஜில் செய்கிறார்கள் என்றால் அங்கே சட்டம் வேறு. இவன் காட்டிய வீடியோ எல்லாம் அங்கே எடுத்தவை. ஆக, 46,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான் பாவி.

என்னென்ன கவனிக்கணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. லைசென்ஸ் நாங்களே வாங்கித் தருகிறோம் என்று சொல்பவனிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். உங்கள் துப்பாக்கி லைசென்ஸ் காப்பியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். லேபிள் இல்லாத டப்பாவில் வெடிமருந்து காட்டினால் தொடாமல் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நான் புகார் பதிந்துவிட்டேன். இதே மாதிரி ஆளிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு அதுதான் வேண்டும்.