தண்ணீர் இறங்கும் வழியில் சைக்கிள்: ஆல்ப்ஸில் ஒரு நாள், மூன்று பள்ளத்தாக்குகள்

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பலருக்கு ஆல்ப்ஸ் மலைக்கென்று மிஞ்சுவது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைக் கேபிள் காரில் ஏறி, பனியைத் தொட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்குவதில் கழித்துவிடாதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். ஒரு பள்ளத்தாக்கின் தலைமாட்டில் தொடங்கி ஆற்றோடு கூடவே இறங்கி வாருங்கள். மலையின் உயரம் கீழே வரவரத்தான் புரியும்.

"சரி, எந்தப் பள்ளத்தாக்கு?" என்பது அடுத்த கேள்வி. மூன்று ஆண்டுகளில் நான் ஓட்டிப் பார்த்த மூன்று வழிகளை இங்கே எடைபோடுகிறேன். டோப்பியாகோவிலிருந்து லியென்ஸ் வரை டிராவா ஆற்றோடு ஒன்று. தார்விசியோவிலிருந்து வென்சோனே வரை ஃபெல்லா ஆற்றோடு இன்னொன்று. ரெஷென் கணவாயிலிருந்து மெரானோ வரை அடிஜே ஆற்றோடு மூன்றாவது. முதல் வழி இத்தாலியில் தொடங்கி ஆஸ்திரியாவில் முடிகிறது. மற்ற இரண்டும் முழுக்க இத்தாலிக்குள்தான்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. மூன்றுமே ஒரே நீர்ப்பிரிமேட்டின் மேல் தொடங்குகின்றன. கருங்கடலுக்குப் போகும் தண்ணீரும் அட்ரியாட்டிக் கடலுக்குப் போகும் தண்ணீரும் பிரிகிற கோடு அது. டோப்பியாகோவில் அந்தக் கோடு ஒரு சாதாரணப் புல்வெளி. அதன் கிழக்கே டிராவா டான்யூபைத் தேடிப் போகிறது; மேற்கே ரியென்ஸ் ஆறு அடிஜேயின் பக்கம் போகிறது. தார்விசியோவை அடுத்த கேம்போரோஸ்ஸோவில் அதே கோடு 816 மீட்டர் உயரத்தில் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. ரெஷெனில் 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. வடக்கே விழும் மழை டான்யூபில் கலக்கும் 'இன்' என்ற ஆற்றுக்கு, தெற்கே விழுவது அடிஜேக்கு. மேட்டில் நின்று எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிறோமோ அந்தக் கடல் நம் கடல். இந்த எண்ணம் மனதில் இருந்தால் பாதை வேறு மாதிரித் தெரியும்.

டிராவா: பயமில்லாத பாதை

இதை நான் என் அக்காவோடு ஓட்டினேன். கல்லூரிக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவள். டோப்பியாகோ ரயில் நிலையத்தருகே ஹேண்டில் பாரைப் பிடித்தபோது கை நடுங்கியது. பத்தாவது கிலோமீட்டரில், "ஏன்டா, மிதிக்கவே வேண்டாமா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மிதிக்கத்தான் வேண்டும், ஆனால் கொஞ்சமாக. டோப்பியாகோ ஏறக்குறைய 1,240 மீட்டர் உயரம், லியென்ஸ் 670. நடுவே சுமார் 44 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 13 மீட்டர் இறக்கம், அதுவும் பெரும்பாலும் சீராக. பாதை கார்களிடமிருந்து விலகி ஆற்றங்கரையிலும் ஊசியிலைக் காட்டோரத்திலும் போகிறது. ஆறு முதலில் தாண்டிவிடக்கூடிய ஓடை. போகப்போகக் கற்களில் மோதி இரைச்சலிடும் ஆறு.

வழியில் சான் காண்டிடோ ஊரில் இறங்காமல் போகாதீர்கள். கி.பி. 769-இல் பவேரியக் கோமகன் மூன்றாம் தாசிலோ நிறுவிய மடத்தின் வழிவந்த தேவாலயம் அங்கே இருக்கிறது. தடித்த கல் சுவர்கள், சிறு சன்னல்கள், உள்ளே குளிர்ந்த இருட்டு. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் கண் பழகவே நேரமாகும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆஸ்திரிய எல்லை. சோதனைச் சாவடியில் யாரும் நிறுத்தவில்லை என்றாலும் நம்மவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருப்பது நல்லது. முதல் உலகப்போருக்குப் பிறகு 1919 உடன்படிக்கையில், அதுவரை ஆஸ்திரியாவிடம் இருந்த டிரோல் பகுதியின் தென்பாதியான தெற்கு டிரோல் இத்தாலிக்குப் போனபோது இந்த எல்லை இங்கே வந்து விழுந்தது. அதனால் லியென்ஸ் இருக்கும் கிழக்கு டிரோல், ஆஸ்திரியாவில் மிஞ்சிய டிரோலிலிருந்து துண்டாகிவிட்டது. இரண்டு பக்கமும் பேச்சு இன்றும் ஜெர்மன்தான்.

எல்லை தாண்டியதும் ஹைன்ஃபெல்ஸ் கோட்டையின் கீழே லோக்கர் வேஃபர் பிஸ்கட் ஆலை. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கும் அதே லோக்கர். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதுதான் பாதி வழியில் பரிசு.

குறை என்ன? கூட்டம். ஆகஸ்டில் இத்தாலியக் குடும்பங்கள் அத்தனை பேரும் இந்தப் பாதையில்தான் இருக்கிறார்கள் என்று தோன்றும். முன்னால் தள்ளாடும் ஐந்து வயதுக் குழந்தையைக் கவனித்தபடியே ஓட்டினால் மலையைப் பார்ப்பது எப்போது? மாலையில் லியென்ஸிலிருந்து திரும்பும் ரயிலுக்குச் சைக்கிள்களோடு ஒரு வரிசை நிற்கும். நாங்கள் ஒரு வண்டியை விட்டு அடுத்ததில்தான் ஏறினோம். வாடகைச் சைக்கிளை லியென்ஸிலேயே ஒப்படைக்க முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை. எடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

ஃபெல்லா: ரயில் விட்டுப்போன வழி

தனியாகப் போனேன், தனியாகப் போக ஏற்ற வழியும் இதுதான். சால்ஸ்பர்க்கிலிருந்து அட்ரியாட்டிக் கரையிலுள்ள கிராடோ வரை போகும் ஆல்ப்-அட்ரியா சைக்கிள் பாதையின் ஒரு துண்டு இது. தார்விசியோவிலிருந்து வென்சோனே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். உதினேயிலிருந்து பொண்டெப்பாவுக்கு 1879-இல் போட்ட ரயில் தடம், மலைக்குள் புதிய சுரங்க வழி வந்ததும் கைவிடப்பட்டது. அந்தத் தடத்தின் மேல் இப்போது சைக்கிள் போகிறது. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் நமக்கும் சரிவு மென்மையாகவே கிடைக்கிறது.

சுரங்கத்துக்குள் நுழையும்போது முகத்தில் அடிக்கும் குளிர், வெளியே வந்ததும் இரும்புப் பாலம், கீழே வெள்ளைக் கூழாங்கல் படுகையில் பச்சை நூலாக ஃபெல்லா. மறுபடியும் சுரங்கம், மறுபடியும் பாலம். கியூசாஃபோர்ட்டேயின் பழைய ரயில் நிலையம் இப்போது காபிக்கடை. பிளாட்பாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், இனி எந்த ரயிலும் வராத தடத்தில் சைக்கிள்கள் வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

பொண்டெப்பாவில் முதல் உலகப்போர் வரை ஓடைக்கு ஒரு கரை ஆஸ்திரியா, மறு கரை இத்தாலி. மேல் பள்ளத்தாக்கில் இத்தாலியன், ஃப்ரியூலியன், ஜெர்மன், ஸ்லோவீனியன் என நான்கு மொழிகள் புழங்குகின்றன. இறுதியில் வென்சோனே. 1976 மே 6 நிலநடுக்கம் இந்த மதில் சூழ்ந்த ஊரைச் சிதைத்தது. மிஞ்சியதை அதே ஆண்டு செப்டம்பர் நிலநடுக்கம் வீழ்த்தியது. ஊர்க்காரர்கள் வேறிடம் போக மறுத்தார்கள். பேராலயத்தின் இடிபாட்டுக் கற்களைப் பொறுக்கி, எண்ணிட்டு, எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே வைத்துக் கட்டினார்கள். சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். மூன்று பயணங்களிலும் என் தொண்டை அடைத்த இடம் இது ஒன்றுதான்.

ஆனால் ஓட்டுகிற நாளாக இதை முதலிடத்தில் வைக்க முடியவில்லை. பள்ளத்தாக்கு குறுகல், கூடவே நெடுஞ்சாலை இரைகிறது. சில இடங்களில் பொதுச்சாலையில் லாரிகளோடு ஓட்ட வேண்டியிருக்கிறது. ஜூலை வெயிலில் வெள்ளைக் கல் படுகை கண்ணைக் கூசவைக்கும். சாப்பாட்டில் குறை சொல்ல ஏதுமில்லை: பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்த ஃப்ரிகோ ஒரு தட்டு போதும், மாலை வரை தாங்கும்.

அடிஜே: தண்ணீரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த ஊர்

என் தேர்வு இதுதான். பள்ளத்தாக்கின் பெயர் இத்தாலியனில் வால் வெனோஸ்தா, ஜெர்மனில் வின்ஷ்காவ். பெயர்ப்பலகைகளில் இரண்டும் இருக்கும். ரெஷெனிலிருந்து மெரானோவுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். 1,500 மீட்டரில் ஜாக்கெட் போட்டுத் தொடங்கி, 325 மீட்டரில் பனை இன மரங்களின் கீழே சட்டை நனைந்து முடிகிற நாள்.

தொடக்கமே ஏரி நடுவில் நிற்கும் ஒரு மணிக்கூண்டு. 1950-இல் மின்சாரத்துக்காக அணை எழுப்பி இங்கிருந்த இரண்டு இயற்கை ஏரிகளை ஒன்றாக்கினார்கள். கிராவுன் என்ற ஊர் தண்ணீருக்குள் போயிற்று. 163 வீடுகள் இடிக்கப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டுக் கோயிலின் கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். எல்லோரும் கரையில் நின்று படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பிறகுதான் அங்கே மூழ்கியவை மேய்ச்சலும் வயலும் என்று படித்தேன். இப்பள்ளத்தாக்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டதை முதலில் பார்த்துவிட்டு, கொடுத்ததைப் பார்க்கக் கீழே இறங்குகிறோம்.

ஏரியைத் தாண்டியதும் மால்ஸ் சரிவு. மலை ஓடைகள் கொண்டுவந்து விசிறிபோலக் கொட்டிய வண்டல் மேடு; ஆல்ப்ஸின் மிகப் பெரிய வண்டல் விசிறிகளில் ஒன்று இது. மூன்று வழிகளிலும் உண்மையாகவே பிரேக்கைச் சோதிக்கும் இறக்கம் இதுதான். புறப்படும் முன் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். எதிரே 3,905 மீட்டர் ஓர்ட்லர் சிகரம் பனியோடு நிற்கிறது, வலப்பக்க மலைச்சரிவில் மரியன்பெர்க் மடம் வெள்ளையாகத் தெரிகிறது. இரண்டையும் நின்று பாருங்கள், ஓட்டிக்கொண்டே வேண்டாம். கீழே க்ளூர்ன்ஸ்: முழு மதிலும் மூன்று வாயில்களும் இன்னும் நிற்கும் குட்டி நகரம். ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேற ஐந்து நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கம்பு மாவில் இரண்டு வட்டங்களை ஒட்டிச் சுட்ட 'பார்ல்' ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஒரு ஆப்பிள்: அதுதான் மதியச் சாப்பாடு.

இனிதான் விஷயம். இப்பள்ளத்தாக்கு ஆல்ப்ஸில் மிக வறண்டவற்றுள் ஒன்று. இருபுறமும் உயர்ந்த மலைகள் மழையை வாங்கிக்கொள்வதால் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் கீழே விழுகிறது. தலைக்கு மேலே பனிப்பாறை, காலடியில் காய்ந்த மண். நூற்றாண்டுகளாக இங்குள்ள உழவர்கள் அதற்குக் கண்ட வழி 'வால்' எனும் வாய்க்கால். மேலே ஓடையை மறித்து, மலையிடுப்பில் மிக மெல்லிய சரிவில் வெட்டி, பாறை குறுக்கிட்டால் மரத் தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவந்தார்கள். யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று முறை வைத்துத் திறந்தார்கள். வாய்க்காலைக் காக்க ஓர் ஆள். அவருக்கு உதவ ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் ஓடும்வரை சக்கரம் சுற்றிச் சுத்தியல் மணியை அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ அடைத்திருக்கிறது என்று அவர் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார். முறைநீரும் மடைகாப்பும் தெரிந்த மொழியில் வளர்ந்த எனக்கு, இதை யாரும் விளக்கவே தேவைப்படவில்லை.

இப்போது பெரும்பாலும் தெளிப்பானும் சொட்டுக் குழாயும் வந்துவிட்டன. மிஞ்சிய வாய்க்கால் கரைகள் நடைபாதைகள். சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. லாட்ஷ் ஊரில் சைக்கிளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் மேலே நடந்து வாருங்கள். டிராவாவிலும் ஃபெல்லாவிலும் ஆறு தன்பாட்டில் போகிறது, நாம் பார்வையாளர். இங்கே கண்ணில் படும் ஒவ்வொரு பச்சையும் யாரோ ஒருவர் தண்ணீரை நடத்திக் கொண்டுவந்த பச்சை.

ஏப்ரலில் ஆப்பிள் பூக்கும்போது இரவுக் குளிர் கடுமையானால் உழவர்கள் மரங்கள் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளியிடும் வெப்பம் உள்ளிருக்கும் பூவைக் காப்பாற்றும். விடியலில் தோட்டம் முழுக்கக் கண்ணாடிப் பூக்கள். நான் போனது செப்டம்பரில், அறுவடையின்போது. பெட்டிகள் ஏற்றிய டிராக்டர்களுக்கு வழிவிட்டு நின்றபோதெல்லாம் ஆப்பிள் வாசம்.

மறைக்காமல் சொல்கிறேன்: லாஸுக்குக் கீழே கம்பங்களும் வலைகளும் கட்டிய தோட்டங்கள் இருபுறமும் நீண்டுகொண்டே போய்ச் சலிப்பூட்டும். மருந்தடிக்கும் காலத்தில் அந்த நெடியும் உண்டு. மால்ஸ் ஊர் மக்கள் 2014-இல் பூச்சிமருந்தே வேண்டாம் என்று வாக்களித்தது சும்மா அல்ல. லாஸில் சற்று நின்று, நடைபாதைக் கற்கள்கூட வெள்ளைப் பளிங்காக இருப்பதைப் பாருங்கள். மலையில் வெட்டும் அந்தப் பளிங்குதான் ஊரின் பெயரைத் தூரதேசங்களுக்குக் கொண்டுபோயிற்று.

யாருக்கு எது

அறுபதைத் தொட்ட பெற்றோர், சிறு பிள்ளைகள், நெடுநாள் ஓட்டாதவர்கள்: யோசிக்காமல் டிராவா. ஆகஸ்டை மட்டும் தவிருங்கள். ஜூனும் செப்டம்பரும் இதம். பழைய ரயில் தடங்களில் மனம் போகிறவர்களுக்கும், இடிந்து எழுந்த ஊரை நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கும் ஃபெல்லா, விளக்கு கட்டாயம்.

மற்ற எல்லோருக்கும் அடிஜே. 80 கிலோமீட்டர் என்று மலைக்க வேண்டாம். மால்ஸிலிருந்து மெரானோ வரை 60 கிலோமீட்டருக்குப் பாதையோடு ஒட்டி ரயில் ஓடுகிறது. 1906-இல் வந்த அந்த ரயிலை 1990-இல் மூடினார்கள், 2005-இல் மறுபடி ஓடவிட்டார்கள். சில கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். கால் வலித்தாலோ மழை பிடித்தாலோ அடுத்த நிலையத்தில் நாளை முடித்துக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் இந்த வசதி இவ்வளவு நெருக்கமாக இல்லை. ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்து இன்னொன்றில் ஒப்படைக்கும் வாடகைக் கடைகளும் இருப்பதால் அதை ரயிலில் ஏற்றும் கவலையும் இல்லை.

காலை முதல் ரயிலில் மெரானோவிலிருந்து மால்ஸ், அங்கிருந்து பஸ்ஸில் ரெஷென் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது இறக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த மணிச் சத்தம் இப்பவும் கேக்குமாடா?" என்றாள். வரும் ஏப்ரலில் கூட்டிக்கொண்டு போகிறேன். மேலே பனி கிடந்தால் மால்ஸிலிருந்து தொடங்குவோம்.