'லைவ் ஆஃப்டர் டெத்' டிவிடி: மூன்றாவது பிளேயரிலும் ஓடுகிறது

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டனின் இந்த இரட்டை டிவிடியை வெளிவந்த 2008ஆம் வருடமே வாங்கிவிட்டேன். அதன்பின் இரண்டு பிளேயர்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. தட்டு இதுவரை ஒரு இடத்திலும் திக்கவில்லை.

1985 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரீனாவில் எடுத்த கச்சேரி. அந்த வருடமே வீடியோ கேசட்டாக வந்தது. பழைய 4:3 சட்டகம் என்பதால் இன்றைய டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும். என் டிவி படத்தைத் தானாக இழுத்து, ஒல்லியான பாடகர் புரூஸ் டிக்கின்சனைக் குண்டனாக்கிக் காட்டியது. அதை எங்கே மாற்றுவது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது, அது வேறு கதை. புகையும் சிவப்பு விளக்கும் சேர்ந்தால் படம் குழைகிறது. துல்லியத்துக்காக வாங்கினால் ஏமாறுவீர்கள்.

சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1 ஒலியை ஆரம்பத்தில் ஆசையாகக் கேட்டேன். இப்போது ஸ்டீரியோவும் நல்ல ஹெட்ஃபோனும் போதும் என்று இருக்கிறேன். காரணம் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ். தந்தியை மீட்டும் பிக் இல்லாமல் வெறும் விரல்களால் அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளத்தை இரவு முழுக்க ஓட்டுகிறார். முதல் சில தடவை டிக்கின்சனின் ஓட்டத்தையும் தாவலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹாரிஸின் வலது கையை மட்டும் பார்த்தேன். பிறகு கிட்டார்காரர்கள் டேவ் மர்ரேயும் ஏட்ரியன் ஸ்மித்தும் எங்கே சேர்ந்து வாசிக்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று. நிக்கோ மெக்பிரெய்ன் டிரம்களுக்குப் பின்னால் மறைந்தே கிடக்கிறார். அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காலால் அடிக்கும் ஒரே ஒரு பேஸ் டிரம்மை வைத்துக்கொண்டா இத்தனையும் என்று இன்றும் வியப்புதான்.

சர்ச்சிலின் 1940 உரை முடிந்ததும் 'ஏசஸ் ஹை' பாட்டு வெடிக்கும் தொடக்கத்தை எல்லோரும் சொல்வார்கள். நான் திரும்பத் திரும்பப் போவது ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கடற்பயணக் கவிதையை வைத்து எழுதிய பதின்மூன்று நிமிடப் பாட்டான 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்'க்கு. நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் மரம் முனகும் சத்தமும் மெல்லிய பேஸும் மட்டும் மிஞ்சும். அவ்வளவு பெரிய அரங்கு மூச்சடக்கி நிற்பது போலிருக்கும். எகிப்தியக் கோயில் மேடையும், பின்னால் எழும் மம்மி வேடத்தில் குழுவின் சின்னமான ராட்சத பொம்மை எட்டியும் இன்றைக்குப் பார்த்தால் அட்டை வேலை போலத்தான் தெரிகின்றன. இருக்கட்டும், கணினியில் வரைந்த பின்னணிகளைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது.

குறை ஒன்று உண்டு. டிக்கின்சனின் குரல் சில உச்ச இடங்களில் பிசிறுகிறது. ஒரே சுற்றுப்பயணத்தில் 187 கச்சேரி பாடினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

இரண்டாவது தட்டை நான் இரண்டு வருடம் தொடவே இல்லை, மடத்தனம். 1984இல் கம்யூனிஸ்ட் போலந்துக்குள் முழு மேடையோடு போன ஆவணப்படம் அதில் இருக்கிறது. அங்கே ஒரு கல்யாண வீட்டில் புகுந்து, அங்கிருந்த கருவிகளை வாங்கி வாசிக்கிறார்கள். 1985 ஜனவரி ரியோ கச்சேரியும் உண்டு. அதில் கிட்டார் இடித்து டிக்கின்சனின் நெற்றியில் ரத்தம் வழிகிறது. மனிதர் துடைக்கக்கூட நிற்காமல் பாடிக்கொண்டே போகிறார்.