பின்லாந்து அட்டையா, இந்தோனேசிய அட்டையா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூக்கள் கப்பலேறும் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் உள்நாட்டு அட்டைதான். மணப்பாறை அருகே தமிழக அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். 2016-லிருந்து அட்டை ஆலை நடத்துகிறது. ஆனாலும் இறக்குமதிச் சரக்கு என்று பேச்செடுத்தால் இரண்டு நாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரசியமானது: பின்லாந்து, இந்தோனேசியா.

முதலில் மரம். பின்லாந்தின் பைன், ஸ்புரூஸ் மரங்கள் வெட்டுக்குத் தயாராக அறுபது, எழுபது வருடம் ஆகும். சுமத்ராவில் நட்ட அகேசியா ஐந்தாறு வருடத்திலேயே கூழாகிவிடும். வடநாட்டு மரத்தின் நார் நீளம், அதனால் அட்டை சுலபத்தில் கிழியாது. அகேசியாவின் நார் குட்டை, அதில் அச்சு நன்றாக விழும். ஏ4 தாளுக்கு அதுவே போதும்.

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். அவ்வளவு தாளை அவர்களே என்ன செய்வார்கள்? உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றுமதி, அதிலும் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கே. (நம்ம ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்த நோக்கியா, 1865-ல் அங்கே ஒரு மரக்கூழ் ஆலையாகப் பிறந்ததுதான்.) பத்திரிகைத் தாள் படுத்துவிட்டது. கைபோலா ஆலை 2020 கடைசியிலும் வெய்ட்சிலுவோட்டோ ஆலை 2021-லும் மூடப்பட்டன. ஓலுவில் பூச்சுள்ள அச்சுத் தாள் ஓட்டிய மெஷினை அட்டைக்கு மாற்றினார்கள். 2022-ல் ரஷ்யாவிலிருந்து மரம் வருவதும் நின்றதால் மர விலை ஏறியது. இந்தோனேசியாவின் பலம் வேறு. உள்நாட்டிலேயே 28 கோடிப் பேர், பக்கத்தில் சீனா.

நம் பக்கம் வந்தால் மரத்தைவிட வரிதான் பேசும். தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்போடு இந்தியா போட்ட வணிக ஒப்பந்தம் 2010-ல் நடைமுறைக்கு வந்து, இந்தோனேசியத் தாளின் வரி படிப்படியாகப் பூஜ்யமானது. மற்ற நாட்டுத் தாளுக்குப் பொதுவாக 10 சதவீதம். போதாக்குறைக்கு, செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவையே சுற்றி வந்தன. சுமத்ராவோ சென்னைக்கு எதிர்க்கரை மாதிரி. இதனால் உள்நாட்டு ஆலைகள் கூச்சல் போட, 2025 ஆகஸ்டில் மத்திய அரசு புதுக்கூழ் (பழைய தாள் கலக்காத) அட்டைக்கு டன்னுக்கு 67,220 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2026 மார்ச் வரைக்கான அந்த ஏற்பாடு இந்தோனேசியாவின் மலிவு விலையில்தான் கைவைத்தது.

விலைக்கு அப்பால் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஷூ பிராண்டுகள் பல, பெட்டிக்கும் எஃப்.எஸ்.சி. சான்று, அதாவது காட்டை அழிக்காமல் எடுத்த மரம் என்று எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பு தரும் சான்று, கேட்கின்றன. காடழிப்புப் புகார்களால் அந்த அமைப்பு, இந்தோனேசியாவின் பெரிய காகிதக் குழுமங்களான ஏ.பி.பி.யோடு 2007-லும் ‘ஏப்ரல்’ (APRIL) என்பதோடு 2013-லும் உறவை முறித்துக்கொண்டது. 2015-ல் சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை சிங்கப்பூரையே மூடியதை யாரும் மறக்கவில்லை. பின்லாந்து ஆலைகளிடம் சான்றுள்ள அட்டை கிடைக்கும். அங்கே காட்டில் பாதிக்கு மேல் சாதாரணக் குடும்பங்களுக்குச் சொந்தம், கணக்கும் சுத்தம்.

என்னைக் கேட்டால், வேலூர் ஸ்வீட் கடைப் பெட்டி, மாத்திரை டப்பா மாதிரி உள்ளூர் வேலைக்குப் பின்லாந்து அட்டை வீண் செலவு. ஜெர்மனி ஆர்டருக்கு, பையர் சான்று கேட்டால் மட்டும், முதலில் மணப்பாறையில் விசாரித்துவிட்டு அப்புறம் பின்லாந்து. குடியாத்தம் தீப்பெட்டிக்கோ இரண்டுமே கட்டாது. 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாய் ஆனதற்கு உள்ளூர் அட்டை விலை ஏறியதும் ஒரு காரணம். அங்கே காசு காசாகத்தான் கணக்கு.